பலவீனமான பக்கத்தின் பலசாலி

அமெரிக்கர்களின் ஃபுட்பாலை முதன்முறையாக டி.வி.யில் பார்க்கும் இந்தியருக்கு எழும் சந்தேகம் ஒன்றுதான்: பந்து எங்கே? ஹெல்மெட்டும் தோள் கவசமும் அணிந்த 22 பேர் நாலைந்து விநாடிகள் முட்டிக்கொள்கிறார்கள். விசில். அரை நிமிடம் கூடிப் பேசுகிறார்கள். மறுபடியும் முட்டல். சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்துக்காகத் திங்கட்கிழமை விடியற்காலை 5 மணிக்கு அலாரம் வைத்து எழுந்தவர்களில் பலர் கால் மணி நேரத்தில் மறுபடி தூங்கப் போயிருப்பார்கள்.

அவர்களுக்கு ஒரு யோசனை. பந்தைத் தேடாதீர்கள். பந்து நகர்வதற்கு முன் ஆட்களை எண்ணுங்கள்.

தாக்கும் அணியின் முன்வரிசையைப் பாருங்கள். நடுவில் பந்தின் மேல் குனிந்து நிற்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் ஆளுக்கொரு கார்டு. அவர்களை அடுத்து ஆளுக்கொரு டேக்கிள். மொத்தம் ஐந்து பேர், இருபுறமும் சமம். ஆறாவதாக டைட் எண்ட் என்பவர் வந்து ஏதாவது ஒரு டேக்கிளை ஒட்டி நின்றதும் தராசு சாய்ந்துவிடுகிறது. அவர் நிற்பது ஸ்ட்ராங் சைடு, அதாவது பலமான பக்கம். எதிர்ப்பக்கம் வீக் சைடு, பலவீனமான பக்கம். இவ்வளவுதான் விஷயம். பெயரில் இருக்கும் பலம் தலைக்கணக்கு மட்டுமே. திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரே ஒரு ஆள் இவ்வளவு முக்கியமா? முக்கியம்தான். ஒவ்வொரு ஆளுக்கும் அடுத்தவருக்கும் நடுவே உள்ள சந்து, பந்தோடு ஓடுபவருக்கு ஒரு வாசல். பலவீனமான பக்கத்தில் கடைசி டேக்கிளுக்கு வெளியே இருப்பதையும் சேர்த்து மூன்று வாசல்கள். டைட் எண்ட் நிற்கும் பக்கத்தில் நான்கு. தடுக்கும் அணி அந்த நாலாவது வாசலுக்கும் காவல் போட்டாக வேண்டும். அதற்கு ஆள் எங்கிருந்து வருவார்? இன்னொரு இடத்திலிருந்துதான்.

கிரிக்கெட் ரசிகருக்கு இது புதிதல்ல. ஆஃப் சைடும் லெக் சைடும் மைதானத்தில் கோடு போட்டு எழுதி வைக்கப்பட்டவை அல்ல. வலக்கை ஆட்டக்காரர் ஒரு ரன் எடுத்து இடக்கைக்காரர் எதிரே வந்தால் பக்கங்கள் இடம் மாறுகின்றன, ஃபீல்டர்கள் நடக்கிறார்கள். இங்கே டைட் எண்ட் எங்கே நிற்கிறாரோ அதை வைத்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பக்கம் மாறலாம். தடுப்பாளர்களின் பெயர்கள்கூட அதைப் பொறுத்தவை. லைன்பேக்கர்களில் பலமான பக்கத்துக்காரர் 'சாம்', நடுவில் 'மைக்', பலவீனமான பக்கத்தில் 'வில்'. பந்து நகரும் முன் தாக்கும் அணியில் ஒருவர் குறுக்கே நடந்து மறுபக்கம் போய் நின்றால் கணக்கே புரண்டுவிடும். அப்போது தடுப்பாளர்கள் கத்திக்கொண்டே கை காட்டுவது கோபத்தால் அல்ல. யார் எந்த வாசலுக்கு என்று மறுபடி பங்கு பிரிக்கிறார்கள்.

பலமான பக்கத்தை நம்பிப் பேரரசு கட்டியவர் வின்ஸ் லம்பார்டி. 1960களில் அவருடைய கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் புகழ்பெற்ற ஆட்டம் 'ஸ்வீப்'. இரண்டு கார்டுகளும் வரிசையை விட்டு விலகி, பந்தோடு ஓடுபவருக்கு முன்னால் டைட் எண்ட் பக்கம் படையாக ஓடுவார்கள். வரப்போவது என்ன என்று எதிரணிக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. 1961க்கும் 1967க்கும் இடையே ஐந்து சாம்பியன் பட்டங்கள்.

ஆனால் ஆட்டத்தின் பெரிய துயரம் நடந்தது மறுபக்கத்தில். பெரும்பாலான குவார்ட்டர்பேக்குகள் வலக்கைக்காரர்கள். பந்தை எறியத் திரும்பும்போது இடப்பக்கம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. டைட் எண்ட் வழக்கமாக வலப்புறம் நிற்பதால் அந்தக் குருட்டுப் பக்கமே ஆள் குறைந்த பக்கமாகவும் அமைகிறது. அங்கே கடைசியாக நிற்கும் இடது டேக்கிளுக்கு அப்பால் உதவிக்கு யாருமில்லை.

1985 நவம்பர் 18 இரவு. நாடே டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம். வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன் பந்தை ஜான் ரிகின்ஸிடம் கொடுத்தார். ரிகின்ஸ் ஓடுவதுபோல் போக்குக் காட்டி அதைத் திருப்பி எறிந்தார். தைஸ்மன் முன்னே பார்த்து ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, பார்வை படாத பக்கத்திலிருந்து நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்தார். தைஸ்மனின் வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. எழுந்த டெய்லர் வெற்றியைக் கொண்டாடவில்லை. பதறிப்போய் மருத்துவரை நோக்கிக் கையசைத்தார். வாஷிங்டனின் வழக்கமான இடது டேக்கிள் ஜோ ஜேக்கபி காயத்தால் அன்று ஆடவில்லை. 1983 ஜனவரியில் சூப்பர் பௌல் வென்ற தைஸ்மன் 36 வயதில் ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

டெய்லர் 1981இல் ஆட வந்ததிலிருந்தே வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் அவருக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்த மருந்து எளிமையானது: இரண்டாவதாக ஒரு டைட் எண்ட். இருபுறமும் ஆள் நின்றால் பலவீனமான பக்கம் என்பதே இல்லை. ஆனால் இலவசமல்ல. ஓடுபவர்களில் ஒருவரைக் குறைத்துத்தான் அந்த ஆளைச் சேர்க்க முடிந்தது.

மற்ற அணிகள் வேறு விலை கொடுத்தன. வீரர்கள் விரும்பிய அணிக்கு மாறும் உரிமை 1993இல் வந்தது. அந்த ஆண்டே பஃபலோவிலிருந்து இண்டியானாபொலிஸ் போன இடது டேக்கிள் வில் வுல்ஃபோர்ட், அணியின் தாக்குதல் ஆட்டக்காரர்களில் தன்னைவிட அதிகச் சம்பளம் யாருக்கும் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார். அதுவரை ரசிகர்கள் பெயர்கூட அறியாத இடத்துக்காரர் அவர்.

இன்று பல அணிகள் ஆட்களை அகலமாகப் பரப்பி நிறுத்துகின்றன. டேக்கிளை ஒட்டி டைட் எண்ட் நிற்காத நேரங்கள் அதிகம். அப்போது பந்தைப் பிடிக்க ஓடுபவர்கள் எந்தப் பக்கம் கூடுதலோ அதுவே பலமான பக்கம். கல்லூரி ஆட்டங்களில் மைதானத்தில் எந்தப் பக்கம் இடம் விசாலமோ அதைக் கணக்கில் வைக்கும் பயிற்சியாளர்களும் உண்டு. அளவுகோல் மாறினாலும் கேள்வி அதேதான்: எங்கே ஆள் அதிகம், எங்கே ஒருவர் தனியாக நிற்கிறார்?

அடுத்த முறை அதிகாலையில் எழுந்தால் பந்தை விட்டுவிடுங்கள். குவார்ட்டர்பேக்கின் முதுகுப் பக்கம், வரிசையின் கடைசியில் நிற்கும் அந்தப் பெரிய உருவத்தைப் பாருங்கள். அவர் வேலை சரியாக நடந்தால் அவர் பெயரை வர்ணனையாளர் சொல்லவே மாட்டார். சொன்னால், யாரோ கீழே விழுந்து கிடக்கிறார் என்று அர்த்தம்.