டெல்லிப் புகைக்கு விவசாயிதான் குற்றவாளியா?



ஐப்பசி பிறந்தா போதும், டெல்லியில மூச்சு முட்டுதுன்னு டி.வி.யில கூப்பாடு. கூடவே பஞ்சாப் விவசாயி நெல் அரிதாளுக்குத் தீ வைக்கிற படம். ஊரைக் கெடுத்தவன் இவன்தானாம்!

அந்தப் புகை டெல்லிக்குப் போகலைன்னு நாம சொல்லலை. வடமேற்கே இருந்து காத்தடிச்சா போகத்தான் செய்யும். ஆனா சித்திரையில கோதுமைத் தாளையும்தான் கொளுத்தறாங்க, அப்போ டெல்லி இப்படித் திணறுதா? மார்கழியில வயல்ல கொளுத்தத் தாளே கிடையாது, அப்போ மட்டும் புகை ஏன் கலையலை?

மார்கழி விடியக்காலையில நம்ம ஊர் அடுப்புப் புகையைப் பாருங்க. மேலே ஏறாம தெருவிலேயே படுத்துக் கிடக்கும். ராத்திரி மண்ணு குளிர்ந்து, தரையை ஒட்டின காத்தும் குளிர்ந்து கனத்துப் போகுது. அதுக்கு மேலே சூடான காத்து, சட்டிக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துக்குது. நமக்கு வெயில் ஏறினா மூடி திறந்துடும். டெல்லியில குளிர்காலத்துல வெயிலும் மந்தம், காத்தும் மந்தம். கோடையில ஒரு கிலோமீட்டருக்கு மேலேயும் ஏறிக் கலையிற புகை, அப்போ சில நூறு மீட்டருக்குள்ளே அடைபடுது. கார், லாரி, அனல்மின் நிலையம், செங்கல் சூளை, கட்டட வேலைத் தூசி, எல்லாம் அந்தச் சட்டிக்குள்ளேதான்.

அந்த நேரம் பார்த்து ஏன் கொளுத்தறான்? நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் பஞ்சாப் அரசு சட்டம் போட்டது. ஜூன் 10-க்கு முன்னே நெல் நடவு கூடாது. 2018-ல் அது ஜூன் 20 வரை போனது. தண்ணியைக் காக்க வேண்டியதுதான். ஆனா நடவு தள்ளினா அறுப்பும் தள்ளாதா? அறுப்பு சரியா காத்து ஓயற நேரத்துல வந்து நின்னுது. கோதுமை விதைக்க இருபது நாள்தான் கையில. மெஷின் விட்டுப்போன தாளை எடுக்க யார் கூலி கொடுத்தது?

கூலி வரலை, அபராதம் வந்தது. 2024 நவம்பரில் மத்திய அரசு அதை இரட்டிப்பாக்கியது: ரெண்டு ஏக்கருக்குக் குறைவா வச்சிருக்கிறவனுக்கே 5,000 ரூபாய்! அதுக்கு முந்தின மாசம் அரியானாவில், கொளுத்தினவன் ரெண்டு போகம் மண்டியில விளைச்சலை விக்கக் கூடாதுன்னு உத்தரவு.

நமக்கென்னன்னு இருந்துடாதீங்க. டெல்டாவிலும் மெஷின் அறுப்புதான், சம்பா அறுப்பும் தைப் பனியிலதான்.

சிறு விவசாயி மீதான அபராதத்தை ரத்து செய்!
தாள் அகற்றும் செலவை அரசே ஏற்றுக்கொள்!