டீசல் தீர்ந்தால் யார் பொறுப்பு?

சாமான் ஏற்றிய லொறி டீசல் தீர்ந்து நடுவீதியில் நின்றுவிட்டால், நம்மில் பலர் சாரதியின் சம்பளத்தில் கைவைக்கிறோம். ஆனால் அன்றைய ஓட்டத்துக்கு மட்டும் அளந்து டீசலுக்குக் காசு கொடுப்பது யார்? முதலாளிமாராகிய நாம்தான்.

டீசல் எஞ்சினில் தாங்கி வற்றினால் குழாய்களுக்குள் காற்றுப் புகுந்துவிடும். காற்று அமுங்கக்கூடியது, ஆகவே பம்ப் அழுத்தம் கொடுக்காது. பிறகு டீசல் ஊற்றினாலும் எஞ்சின் இலேசில் பிடிக்காது. விடாமல் ஸ்டார்ட் அடித்தால் பற்றரியும் ஸ்டார்ட்டரும்தான் பழுதாகும்.

பழைய லொறியென்றால், பில்டரில் காற்றுப் போக்கும் ஆணியைச் சற்றுத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்க வேண்டும். நுரை நின்று டீசல் தெளிவாக வந்ததும் ஆணியை இறுக்கி, பம்ப் கைக்குக் கடினமாகும்வரை அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். கொமன் ரெயில் வாகனமென்றால் இன்ஜெக்டர் குழாய்களில் கைவைக்கவே கூடாது. அங்கே அழுத்தம் 1,000 பாருக்கும் மேலே செல்லும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும். அந்தப் பம்புக்கு மசகும் டீசலே என்பதால், வற்ற ஓடினால் பம்பும் தேயும்.

2022இல் வரிசையில் நின்றும் டீசல் கிடைக்கவில்லை; அது வேறு கதை. கிடைக்கும் காலத்திலும் தாங்கியைக் கால்வாசிக்குக் கீழே இறங்கவிடுவது சிக்கனமல்ல, நட்டம். சாரதிக்கு இந்த வேலையைப் பழக்குங்கள். அவரது சம்பளத்தை வெட்டாதீர்கள்.