கம்பு ஒருவனுக்கு, பறை வேறொருவனுக்கா?

சிலம்பத்துக்கு இன்று மேடை கிடைத்திருக்கிறது, மாலை கிடைத்திருக்கிறது. தமிழகத்தில் 2024 சனவரியில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு விழாவிலே காட்சி விளையாட்டாக அது இடம்பெற்றது. விளையாட்டு வீரர்க்கென அரசுப் பணிகளில் ஒதுக்கப்பட்ட 3 விழுக்காட்டிலும் அதற்குப் பங்கு உண்டு. மகிழ்கிறோம். உழவன் கைக்கம்பு உயர்வு பெறுவது கண்டு யார்தான் மகிழார்?

ஆனால், மேடை ஏறிய மறுகணமே கம்பின் பிறப்பைப் பற்றிக் கதை அளக்கத் தொடங்குகிறார்களே, அங்கேதான் நமக்கு வேதனை. அகத்திய முனிவர் அருளிய கலையாம்! ஐயாயிரம் ஆண்டுப் பழைமையாம்! சான்று எங்கே என்று கேட்டால் சான்று வருவதில்லை, சினம்தான் வருகிறது. மாடு மேய்த்தவனும், காவல் காத்தவனும், காட்டு வழி நடந்தவனும் தற்காப்புக்காகக் கண்ட கலை என்றால் இழிவு. தாடி வளர்த்த முனிவர் தந்தார் என்றால் பெருமை! இது அறியாமை மட்டுமன்று, பறிமுதல். உழைப்பவனிடமிருந்து நிலத்தைப் பறித்தவர்கள், அவனுடைய கலையின் பிறப்புச் சீட்டையும் பறித்துக்கொள்கிறார்கள்.

உண்மை வரலாறு வேண்டுமா? ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனிச் சாலையிலே செல்லுங்கள், விருப்பாட்சி வரும். மலைவாழைக்குப் பேர்போன ஊர் என்றே பலருக்குத் தெரியும். 1772-இல் காளையார்கோவிலிலே கணவரை இழந்த வேலு நாச்சியார், அடைக்கலம் பெற்ற மண் அது. 1780-இல் சிவகங்கையை மீட்கப் புறப்படும்வரை அவரைப் பேணிய பகுதி அது. அவ்வூர்ப் பாளையக்காரர் கோபால நாயக்கர், கும்பினி ஆட்சியை எதிர்த்துத் திண்டுக்கல் வட்டாரப் பாளையங்களை ஒன்றுசேர்த்தார், 1801-இல் தூக்கிலிடப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று, சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு விடுத்தார். கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றது அது. 1878-இன் ஆயுதச் சட்டமோ, உரிமச் சீட்டு இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கிற்று. வாள் போயிற்று, வேல் போயிற்று. ஆனால், ஆடு மேய்ப்பவன் கையிலுள்ள கோலை எந்தச் சட்டம் பறிக்கும்? அரண்மனை ஆயுதங்கள் அடங்கிய பிறகும், ஏழையின் மூங்கில் சுழன்றுகொண்டே இருந்தது. மலேயாத் தோட்டங்களுக்குப் பால் வெட்டச் சென்ற தமிழன், கூலியாகக் கப்பல் ஏறியபோதும் இக்கலையை உடன்கொண்டு சென்றான். இதைவிடப் பெருமை முனிவர் கதையில் உண்டா?

கடலுக்கு அப்பால், இதே போன்ற வரலாறு ஒன்று உண்டு. பிரேசில் நாட்டுக்கு அடிமைகளாக இழுத்துவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் ஏறத்தாழ 48 இலட்சம் பேர் எனக் கணக்கிடுகின்றனர். கரும்புத் தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழன்ற அம்மக்கள் உருவாக்கிய போர்க்கலைக்குக் கப்போயிரா என்று பெயர். காண்பவனுக்கு ஆட்டம், எதிர்ப்பவனுக்கு அடி! 1888-இல் அடிமைமுறை ஒழிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1890-இன் தண்டனைச் சட்டம், தெருவிலே கப்போயிரா ஆடுவோர்க்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை என்றது. கால் விலங்கைக் கழற்றியவர்கள், கால் வீச்சுக்கு விலங்கு பூட்டினார்கள்!

அக்கலை அழியவில்லை. பாகியா மாநிலத்துச் சால்வதோர் நகரிலே, பிம்பா என்ற ஆசான் 1932-இல் பள்ளி தொடங்கினார். 1953-இல் குடியரசுத் தலைவர் வர்காசின் முன்னிலையிலேயே ஆடிக் காட்டினார். குற்றம் என்று ஏசப்பட்டது, நாட்டின் பெருமை என்று பேசப்பட்டது. 2014-இல் யுனெஸ்கோ, கப்போயிரா வட்டத்தை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது.

வட்டம் என்ற சொல்லைக் கவனியுங்கள், தோழர்களே! அங்கே கலைக்கு உயிர் அந்த வட்டந்தான். சுரைக்குடுக்கை கட்டிய ஒற்றை நரம்பு வில் ஒன்று உண்டு. பெரிம்பாவு என்பது அதன் பெயர். அந்த வில்லின் ஒலிதான் ஆட்டத்தின் வேகத்தை ஆள்கிறது. மீட்டியவன் சற்று நேரத்தில் வட்டத்துள் இறங்கி ஆடுகிறான். ஆடிக் களைத்தவன் வில்லை வாங்கி மீட்டுகிறான். சுற்றி நிற்போர் கைதட்டிப் பாடுகிறார்கள். இசைக்கத் தெரியாதவனை அங்கே முழுமையான ஆசானாக மதிப்பதில்லை.

இங்கே? இங்கும் சிலம்பத்துக்கு இசை உண்டு. பறை முழங்கினால்தான் காலடி பிறக்கிறது. உறுமி அதிர்ந்தால்தான் கம்பு சுழல்கிறது. ஆனால் வட்டம் இருக்கிறதா? இல்லை, கோடுதான் இருக்கிறது! கோட்டுக்கு இந்தப் பக்கம் கம்பு பிடிப்பவன், அந்தப் பக்கம் பறை அடிப்பவன். முன்னவனுக்குத் துண்டு, மாலை, பரிசு; பின்னவனுக்குக் கூலி, அதுவும் எட்ட நின்று பெறவேண்டிய கூலி, என்று வைத்திருந்த ஊர்கள் எத்தனை! தாளம் தவறாமல் அடித்தவன் கையிலே கம்பைக் கொடுத்து, ஆடு தம்பி என்றழைத்த களங்கள் எத்தனை? ஆடி முடித்தவன், பறையைத் தோளில் மாட்டி, இனி நான் அடிக்கிறேன் என்ற ஊர்கள் எத்தனை?

அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று கூறுவோர் உளர். மலையேறியிருந்தால், பள்ளிப் பிள்ளைகளின் கையிலே சாதிக்கு ஒரு வண்ணக் கயிறு ஏன் ஏறிற்று? அந்தக் கயிறுகளைத் தடைசெய்ய வேண்டுமென்று, நீதிபதி சந்துரு 2024-இல் அரசுக்கு அளித்த அறிக்கையிலே பரிந்துரைக்க நேர்ந்தது ஏன்? கயிறு கட்டிய கையிலே கம்பையும் கொடுத்தால், அது கலையா, கலகத்துக்கு ஒத்திகையா?

பறை இழிந்த கருவி அன்று. இழிவு, அதைப் பிறப்போடு கட்டிப்போட்டதிலே இருக்கிறது. கட்டாயத்துக்குப் பறையடிக்க மாட்டோம் என்று போராடியவர்களும் சரி, அதையே விடுதலை முரசாக எடுத்துக்கொண்டவர்களும் சரி, எதிர்த்தது அந்தக் கட்டைத்தான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள், பறையைத் தோளில் ஏந்தி ஆடி, கடல் கடந்த மேடைகளிலும் கைதட்டல் பெற்றார்கள். ஆணுக்கும் சாதிக்கும் ஒருங்கே விடை கூறிய முழக்கம் அது! வேலு நாச்சியார் சிலம்பம் கற்றவர் என்று மேடைதோறும் புகழ்பவர்கள், தம் வீட்டுப் பெண் கம்பெடுத்தால் மட்டும், பெண்ணுக்கு எதற்கடி கம்பு என்று கேட்பது என்ன நியாயம்?

பிரேசில் பொன்னாடு என்று நாம் பாடவில்லை. கப்போயிராவின் மற்றொரு பேராசான் பஸ்தீஞ்ஞா, தம் பயிற்சிக்கூடத்தை இழந்து, பார்வையும் இழந்து, வறுமையிலே 1981-இல் மறைந்தார். பிம்பாவும், பாகியாவில் ஆதரவில்லை என்று மனங்கசந்து வெளியேறி, 1974-இல் வேற்றூரிலே இறந்தார். கலைக்கு மகுடம், கலைஞனுக்கு வெறுங்கலயம்! அந்தத் தவற்றை இங்கே நாமும் செய்தல் ஆகாது. சான்றிதழும் ஒதுக்கீடும் வந்துவிட்டன. நகரத்துப் பயிற்சிக்கூடத்துக்குக் கட்டணம் செலுத்த முடிந்தவன் பிள்ளை அவற்றைப் பெற்றுக்கொள்ள, களத்து வாத்தியார் கூழுக்கு அலைவதானால், அந்த உயர்வு யாருக்கு?

ஆகவே, நாம் கேட்பது நான்கு. சிலம்பக் களம் ஊர்ப் பொதுநிலத்திலே அமையட்டும். ஒரு தெருவின் சொத்தாக இருத்தல் கூடாது. களத்துக்கு வருவோர் சாதிக் கயிற்றையும் சாதிப் பெயரையும் வெளியிலே விட்டுவிட்டு வரட்டும். ஆணோடு பெண்ணும் கம்பு பிடிக்கட்டும். கம்பு கற்கும் ஒவ்வொருவரும் பறையும் கற்கட்டும். பறை அறிந்த ஒவ்வொருவர் கையிலும் கம்பு ஏறட்டும். பரிசு இருவர்க்கும் ஒன்றாகட்டும்.

ஒட்டன்சத்திரத்து இளைஞர்களே! உங்கள் சந்தையிலே தக்காளிக்கும் முருங்கைக்கும் சாதி கேட்பதில்லை. விளைவித்தவன் யாராயினும் எடைக்கல் ஒன்றே. விருப்பாட்சி உங்கள் பக்கத்திலே இருக்கிறது. பறை உங்கள் மண்ணிலே இருக்கிறது. மூங்கில் உங்கள் கையிலே இருக்கிறது. மாற்றவேண்டியது ஒன்றே ஒன்று. கோட்டை அழியுங்கள், வட்டம் போடுங்கள்!