ரூம் போடாமல் போனது பொறுப்பில்லாத்தனமா?

அன்பான என் பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும், உங்கள் பூகோள டீச்சர் எழுதுவது.

நானும் மதினியும் நீர்கொழும்பு போய்வந்த படங்களைப் போட்டதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பஞ்சாயத்தே நடந்துவிட்டது. "அத்தை, இந்த வயசுல எங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு, ரூம் போடாம வெளிநாடு போனது பொறுப்பில்லாத்தனம் இல்லையா?" என்று மருமகன் கேட்டான். அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறீர்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து இந்தப் பதில். கொஞ்சம் நீளம்தான், வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வாசியுங்கள்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நீர்கொழும்பு ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். விசா விண்ணப்பத்தில் தங்கும் முகவரி கேட்பார்கள் என்பதால் முதல் ராத்திரிக்கு மட்டும் ரூம் போட்டிருந்தோம். மறுநாள் காலையில் பைகளை அங்கேயே வைத்துவிட்டு, கடற்கரையை ஒட்டிய லூயிஸ் பிளேஸ் சாலையில் நடந்தோம். வீடு வீடாக ரூம் வாடகைக்குப் பலகை தொங்குகிறது. மூன்று வீடு ஏறி இறங்கினோம். ஃபேனைப் போட்டுப் பார்த்தோம், குழாயைத் திறந்து பார்த்தோம், தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தோம். "நாலு நாள் இருந்தா எவ்வளவு குறைப்பீங்க?" என்று கேட்டோம். மூன்றாவது வீட்டு அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு சாவியைக் கையில் கொடுத்தார். முதல் ராத்திரிக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. காலையில் ஆப்பமும் தேங்காய்ச் சம்பலும் வேறு.

இதில் பொறுப்பில்லாத்தனம் எங்கே இருக்கிறது? அறையைக் கண்ணால் பார்த்து, வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்து எடுப்பதா? அல்லது யாரோ எப்போதோ எடுத்த படத்தைப் போனில் பார்த்துவிட்டு முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டுவதா? கத்திரிக்காயை அமுக்கிப் பார்க்காமல் வாங்காத நீங்கள்தான் எனக்குப் புத்தி சொல்கிறீர்கள்!

எல்லா நேரத்துக்கும் இது பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும். டிசம்பர் கடைசியில் போவதாக இருந்தாலோ, கைக்குழந்தை கூட இருந்தாலோ, இருட்டிய பிறகு ஊர் போய்ச் சேர்வதாக இருந்தாலோ நானே முன்பதிவு செய்யத்தான் சொல்வேன்.

அந்த ஊர் நமக்கு அந்நியமும் இல்லை. நம் கரையிலிருந்து போன பரதவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். 2011 ஜூனில் தொடங்கி அதே நவம்பரில் நின்றுபோன தூத்துக்குடி - கொழும்புக் கப்பல் இன்று ஓடினால் நாம் விமானமே ஏற வேண்டியதில்லை. 2019 ஈஸ்டர் அன்று அவ்வூர்க் கட்டுவப்பிட்டி தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அடுத்து கொரோனா, அதற்கடுத்து 2022 நெருக்கடி. பயணிகளை நம்பியிருந்த குடும்பங்கள் என்ன பாடு பட்டிருக்கும்? நேரில் கொடுக்கும் காசு கமிஷன் பிடித்தம் இல்லாமல் அந்த வீட்டு அடுப்புக்குப் போகிறது.

"பயமா இல்லையா டீச்சர்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எனக்குப் பயம் நம் ஊரில்தான் வந்தது.

போன வருஷம் என் பழைய மாணவி ஒருத்தி, மறுநாள் காலைத் தேர்வுக்காக ராத்திரி ஒன்பது மணிக்குத் தூத்துக்குடி வந்து இறங்கினாள். இரண்டு லாட்ஜில் ஆதாரைக் காட்டியிருக்கிறாள். இரண்டிலும் ஒரே பதில்: "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் கிடையாது." பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். நான் ஆட்டோவில் போய் அழைத்து வந்தேன். டீச்சர் நம்பர் இல்லாத பெண் என்ன செய்வாள்? முன்பதிவு செய்திருந்தால் மட்டும் உள்ளே விட்டிருப்பார்களா?

வயதுவந்த பெண் தனியாகத் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. திருமணமாகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து தங்குவதையே எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்று 2019 டிசம்பரில், கோவை விடுதி வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டுக்காரர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவம் அனுப்ப வேண்டும். அந்தச் சின்ன வேலைக்குச் சோம்பி அவர்களையும் திருப்பி அனுப்பும் லாட்ஜுகள் உண்டு.

இது முத்து விளைந்த கரை. 1961-இல் நடந்ததுதான் இங்கே கடைசி முத்துக்குளிப்பு. அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பு என்றாலே கடற்கரையில் ஓலைக் கொட்டகைகளால் ஓர் ஊரே எழும்பும். எதிர்க்கரையில் மன்னார் பக்கம் மறிச்சுக்கட்டியில் நம் ஆட்களும் அரபு நாட்டவரும் பக்கத்துப் பக்கத்துக் கொட்டகையில் தங்கினார்கள். முன்பின் தெரியாதவனுக்கு இடம் கொடுத்துப் பிழைத்த கரை இது. இன்று தேர்வெழுத வந்த நம் பிள்ளைக்கு ஒரு கட்டில் இல்லை.

என் மாணவர்களில் லாட்ஜ் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை, இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். நாளைக்கே வரவேற்பில் உட்காரும் பையனிடம் சொல்லுங்கள்: அடையாள அட்டையைப் பார், பதிவேட்டில் எழுது, சாவியைக் கொடு. துணைக்கு யார் என்று கேட்காதே.

மருமகனே, பொறுப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் அங்கிருந்து தொடங்கு. அடுத்த தடவை திருகோணமலை போகிறோம். உங்கம்மா இப்போதே பை கட்டிவிட்டாள். பேக்கேஜ் விவரம் யாரும் அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்