கல்லுக்கு முன் பட்டியல்

பாடாங் கோத்தா திடலில் கடலோரமாக நிற்கும் போர் நினைவுத்தூணை அறியாத பினாங்குவாசிகள் இரார். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக 1929இல் எழுப்பப்பட்டது அது. ஜப்பானியர் ஆட்சியில் உயிர்நீத்த தம்மவர்க்குச் சீனர்கள் ஆயர் ஈத்தாமில் 1951இல் நினைவுச்சின்னம் அமைத்தனர். போர் முடிந்து ஆறே ஆண்டுகள்!

நாமோ, சயாம் மரண ரயில் பாதைக்கு உறவுகளைப் பறிகொடுத்து எண்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டோம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை அமைக்க மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் 70,000க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காஞ்சனாபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் வரிசை வரிசையாக, பெயர் பொறித்த கல்லின்கீழ் உறங்குகின்றனர். அதே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மடிந்த நம்மவர்க்கோ காட்டோரத்துப் பொதுக்குழிகளே வாய்த்தன.

பொதுப் பூங்காவில் அவர்களுக்கொரு கல் வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆயினும் அக்கல்லில் எதனைப் பொறிப்பது? ‘தமிழர்கள்’ என்னும் ஒற்றைச் சொல்லையா? (அ. ரெங்கசாமி இத்துயரை எழுதிய நாவலின் பெயரே ‘நினைவுச் சின்னம்’. எழுத்தாளர் தம் கடனை ஆற்றிவிட்டார்.)

மீண்டு வந்தோர் அநேகமாக மறைந்துவிட்டனர்; அவர்தம் பிள்ளைகளும் முதுமையின் எல்லையில் இருக்கின்றனர். ஆகவே கல்தச்சனைத் தேடுமுன் பட்டியலைத் தொடங்குவோம். சயாமுக்குப் போனவர் பெயர், தோட்டம், திரும்பினாரா என்பவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவருமாறு என் ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பணித்துள்ளேன்.

“பெயர் தெரியாவிட்டால், ஐயா?” என்றான் ஒருவன்.

“தோட்டத்தின் பெயரை எழுது” என்றேன்.