டாக்டருக்கு இது எத்தனையாவது ஆபரேஷன்? பட்டம் வாங்கிய பிறகும் தொடரும் படிப்பு

பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் வந்தால் இன்றைக்கு யாரும் பெரிசாக பயப்படுவதில்லை. வயிற்றில் 3, 4 சின்ன துளை போடுகிறார்கள். ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள்.

35, 40 வருடத்துக்கு முன்பு வயிற்றை நீளமாக கிழித்துத்தான் இந்த ஆபரேஷன் நடந்தது. அந்த காலத்தில் எம்.எஸ். முடித்த சர்ஜன்களுக்கு லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுப்பதை காலேஜில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்புறம் எங்கே கற்றார்கள்? பெரும்பாலும் வேலையில் இருந்துகொண்டேதான்.

1985-ல் ஜெர்மனி டாக்டர் எரிக் மூஹே இந்த முறையில் முதல் பித்தப்பையை எடுத்தார். சக டாக்டர்கள் அதை ஏற்கவில்லை. 1987-ல் பிரான்சில் லியோன் நகர டாக்டர் பிலிப் மூரே செய்த பிறகுதான் சூடு பிடித்தது. இந்தியாவில் 1990-ல் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா செய்தார். தென்னிந்தியாவில் இது பரவியதில் கோவை டாக்டர் சி.பழனிவேலுவுக்கு பெரிய பங்கு உண்டு.

சனி, ஞாயிறு வகுப்பு

அமெரிக்காவில் நடந்த கதைதான் கவனிக்க வேண்டியது. ‘துளை ஆபரேஷன்தான் வேணும்’ என்று நோயாளிகள் கேட்க ஆரம்பித்ததும் சர்ஜன்கள் வார இறுதி வகுப்புகளுக்கு படையெடுத்தார்கள். 2 நாள் பாடம், பன்றி மீது பயிற்சி. அதோடு ஊர் திரும்பி மனிதர்கள் மீது கை வைத்தவர்களும் உண்டு.

விளைவு, பித்தநாளத்தில் வெட்டு. இது சாதாரண காயம் இல்லை. வயிற்றுக்குள் பித்தம் கசியும், காமாலை வரும், மறுபடியும் பெரிய ஆபரேஷன். தினக்கூலிக்காரர் என்றால் குடும்பமே படுத்துவிடும்.

1991-ல் அங்கே 1,518 ஆபரேஷன்களை ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியானது. ஒவ்வொரு டாக்டர் குழுவும் செய்த முதல் 13 பேரில் பித்தநாள காயம் 100-க்கு 2.2. அதற்கு பிறகு வந்தவர்களில் 0.1. அதாவது ஆயிரம் பேருக்கு 22 என்று இருந்தது, கை பழகியதும் 1 ஆக குறைந்தது. நோய் ஒன்றுதான், கருவியும் ஒன்றுதான். வரிசையில் முன்னாடி நின்றவர்தான் அதிகம் அடிபட்டார்.

1992-ல் நியூயார்க் மாகாண சுகாதாரத்துறை கண்டிப்பு காட்டியது. அனுபவசாலி பக்கத்தில் நிற்க 10 முதல் 15 ஆபரேஷன் செய்த பிறகே தனியாக செய்யலாம் என்றது.

கை இடது, கருவி வலது

20 வருட அனுபவ சர்ஜனுக்கும் இது ஏன் கஷ்டம்? வயிற்றுக்குள்ளே நேராக பார்க்க முடியாது, டி.வி. திரையை பார்த்து செய்ய வேண்டும். கையை இடது பக்கம் அசைத்தால் கருவியின் நுனி வலது பக்கம் போகும். விரலால் தொட்டுப்பார்க்கவும் வழியில்லை. அதனால்தான் பெட்டிக்குள் ஆட்டு ஈரல், கோழிக்கறி வைத்து மணிக்கணக்கில் பழகுகிறார்கள்.

நம் நாட்டில் 2002-ம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிப்படி டாக்டர்கள் 5 வருடத்தில் 30 மணி நேரம் தொடர் கல்வி பெற வேண்டும். வருடத்துக்கு 6 மணி நேரம்! ஏ.சி. ஹாலில் உட்கார்ந்து கேட்டாலும் கணக்கில் சேரும். புது ஆபரேஷனை எத்தனை முறை செய்து பழகினார் என்று அந்த விதி கேட்பதில்லை.

நோயாளி கேட்கலாம். ஆபரேஷனில் என்ன நன்மை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்று விளக்கித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. கையெழுத்து போடும் முன் ‘இதுவரைக்கும் எத்தனை பேருக்கு செஞ்சிருக்கீங்க, சார்?’ என்று கேட்பதில் தப்பு ஒன்றுமில்லை.

இப்போது ரோபோ முறை வந்திருக்கிறது. சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியிலேயே 2022-ல் தொடங்கிவிட்டார்கள். லேப்ராஸ்கோப்பியில் கை தேர்ந்தவரும் இதில் முதலில் இருந்துதான் பழக வேண்டும். சில ரோபோ எந்திரங்களில் 2 பேர் உட்கார இடம் உண்டு. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டிலும் பிரேக் இருக்கிற மாதிரி, கற்பவர் தடுமாறினால் குரு அங்கிருந்தே கட்டுப்பாட்டை தன் கைக்கு எடுத்துக்கொள்வார்.