‘இ’யைக் காணோம்!

கும்பகோணத்திலிருந்து அத்தை போன் செய்தாள். அத்தை போன் செய்தால் ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் பல்வலி. இந்தத் தடவை இரண்டும் இல்லை.

“ஏம்ப்பா, பீரோவைக் குடைஞ்சப்ப மாமாவோட சிடி ஒண்ணு கிடைச்சுது. மேல ‘பெரியவனுக்கு எழுதியது’ன்னு அவங்க கையெழுத்து. கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா பூச்சி பூச்சியா வருது. எதிர்வீட்டுப் பையன் சிடி கெட்டுப்போச்சுங்கறான். தூக்கிப் போட்டுடவா?”

“ஐயோ, போடாதீங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன்.”

இப்படிப் பதறியதற்குக் காரணம் உண்டு. மாமா போய் மூன்று வருஷமாகிறது. கணக்கு வாத்தியார். ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார். அதுவும் பெரும்பாலும் “மோர் இருக்கா?” என்பதாகத்தான் இருக்கும். அப்படிப்பட்டவர் எழுதிய கடிதங்கள் என்றால் லேசில் விடலாமா? அதைவிட முக்கியமான காரணம், 1999-ல் அவர் கம்ப்யூட்டருக்கு பிரௌசர் போட்டுக் கொடுத்து, ‘எல்லாம் சரியாயிடுச்சு மாமா’ என்று காபி குடித்துவிட்டு வந்தவன் நான்தான்.

அந்த வைபவத்தைச் சொல்லியாகவேண்டும். பெரியவன் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனான். போன் பேசினால் மீட்டர் ஓடும், கடிதம் போனால் பதில் வரப் பத்து நாள். மாமா கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-ல் நம் நாட்டில் பொதுஜனத்துக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டு நாலு வருஷமாகியிருந்தது. மோடம் டெலிபோனோடு சண்டை பிடிப்பதுபோல் கீச்சிட்டு, கரகரத்து, கடைசியில் சமாதானமாகும். நடுவில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் அவ்வளவுதான், முதலிலிருந்து ஆரம்பம். அந்த லைனில் நெட்ஸ்கேப் பிரௌசரை இறக்கினால் விடிந்துவிடும் என்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாகத் தந்த சிடியிலிருந்து போட்டேன்.

பிரௌசர் திறந்தது. ஆங்கிலப் பக்கங்கள் அழகாக வந்தன. மாமா தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் முகவரியைத் தட்டினார். பூச்சிகள்! மூலையில் ‘எங்கள் ஃபான்ட்டை இறக்கிக்கொள்ளவும்’ என்று ஒரு பொத்தான். இறக்கி, விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு, திரும்ப வந்தால் தமிழ். ஆகா என்று அடுத்த பத்திரிகைக்குப் போனால் மறுபடி பூச்சி. அவர்கள் ஃபான்ட் வேறு. ஒரு வீட்டு அண்டாவுக்கு இன்னொரு வீட்டு மூடி சேராது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே ஒவ்வொரு வீட்டுக்குப் போகும்போதும் அந்த வீட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால்தான் கோலமே தெரியும் என்ற நிலைமை. மாமா சளைக்கவில்லை. நாற்பது பக்க நோட்டுப் போட்டு, எந்தப் பக்கத்துக்கு எந்த ஃபான்ட் என்று கட்டம் கட்டி எழுதிவைத்தார். கணக்கு வாத்தியார் அல்லவா!

ஏன் இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். ரயில்பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு ஒரே பெட்டி, 256 சீட். முதல் 128-ல் ஆங்கிலமும் அதன் புள்ளி, கமா பரிவாரமும். மீதியில் பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்ற ஐரோப்பியக்காரர்கள். தலையில் கீற்றும் நெளியுமாக இருப்பார்களே, அவர்கள். தமிழுக்கு ரிசர்வேஷனே கிடையாது. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? பேர்ப்பலகையில் பிரெஞ்சுக்காரன் பெயர் இருக்கட்டும், சீட்டில் நம் ‘க’ உட்காரட்டும் என்று துண்டு போட்டுவிட்டார்கள். ஃபான்ட் என்பது யார் எந்த சீட்டில் என்று சொல்லும் சார்ட். ஆளாளுக்கு ஒரு சார்ட் என்பதுதான் வம்பு.

இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகவே கொடுத்தார். 1998-ல் மதுரைத் திட்டம் என்று தொடங்கிப் பழைய இலக்கியங்களையும் இணையத்தில் ஏற்ற ஆரம்பித்தார். மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ வந்தது. பல தேசத்துத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து ‘திஸ்கி’ என்று ஒரு பொதுச் சார்ட்டை உண்டாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டி ‘டாம்’, ‘டாப்’ என்று இன்னும் இரண்டு வந்தன. பொதுவாக ஒன்று வேண்டும் என்று கூடினால் நமக்கு மூன்று கிடைக்கும். மாமா திஸ்கி கட்சி. அதற்கு நெட்ஸ்கேப்பில் எடிட், பிரிஃபரன்சஸ், ஃபான்ட்ஸ் என்று போய், ‘யூசர் டிஃபைன்ட்’ என்ற இடத்தில் திஸ்கி ஃபான்ட் ஒன்றை நியமித்து, பிறகு வியூ மெனுவிலும் அதையே தேர்ந்தெடுக்கவேண்டும். செய்து கொடுத்தேன். காபி குடித்தேன். வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் போய் இறங்கியதும் முதல் தடங்கல், என் லேப்டாப்பில் சிடி போட வாயே இல்லை. அத்தை வீட்டுக் கம்ப்யூட்டரோ சிடியைப் பாதி விழுங்கியதும் இருமியது. தெரிந்த போட்டோ ஸ்டூடியோவில் வெளியில் செருகும் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். உள்ளே நாற்பத்திரண்டு பக்கங்கள். முதல் பக்கத்தை குரோமில் திறந்தேன். பூச்சிகள் அணிவகுத்தன.

“பாத்தியா?” என்றாள் அத்தை. எதிர்வீட்டுப் பையன் வாசலில் நின்று தலையாட்டினான்.

எழுத்துமுறையை மாற்றும் பழைய மெனுவைத் தேடினேன். குரோமில் அதை எப்போதோ தூக்கிவிட்டார்கள். எல்லாரும் யூனிகோடுக்கு மாறியபிறகு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். நியாயம்தான். யூனிகோடில் தமிழுக்குத் தனிப்பெட்டியே உண்டு. 128 சீட், அதில் 72 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். 1991-லேயே ஒதுக்கியாகிவிட்டது. விண்டோஸ் 2000-த்தில் ‘லதா’ எழுத்துருவோடு அது வந்தபிறகும் நம்மூர் மேஜைகளுக்கு வந்துசேர வருஷங்கள் ஆயின. மாமா எழுதியதோ அதற்கு முந்தைய பெட்டியில்.

பூச்சிகளையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஒரு கூட்டணி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. முதலில் இடப்பக்கம் பார்க்கும் இரட்டை மேற்கோள். அடுத்து நெளிகோட்டைத் தலையில் சுமக்கும் ஆங்கில ‘ஓ’. பிறகு கீற்று வைத்த ‘ஏ’. கடைசியில் தலைகீழாக நிற்கும் ஆச்சரியக்குறி. பழைய நினைவு பளிச்சென்றது. திஸ்கியில் அந்த நாலும் சேர்ந்தால் ‘அம்மா’.

“அத்தை, சிடி கெடலை. எழுத்தெல்லாம் அப்படியே இருக்கு. நாமதான் வேற கண்ணாடியை மாட்டிட்டு உட்கார்ந்திருக்கோம்.”

அந்தக் கண்ணாடிக்கு நான் அலையவேண்டியிருக்கவில்லை. சிடியின் கடைசியில் ‘இதையும் வைத்துக்கொள்’ என்று அர்த்தம் வரும்படி ஆங்கிலத்தில் ஒரு ஃபோல்டர். உள்ளே ‘இணைமதி’ ஃபான்ட். வாத்தியார் வாத்தியார்தான்! வினாத்தாளோடு விடைத்தாளையும் சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறார். ஃபான்ட்டை நிறுவி, குரோம் செட்டிங்ஸில் அப்பியரன்ஸ், அதில் கஸ்டமைஸ் ஃபான்ட்ஸ் போய், ஸ்டாண்டர்ட் ஃபான்ட்டாக அதை வைத்தேன். பக்கம் தன் ஃபான்ட் பெயரைத் தானே சொல்லாதபோது பிரௌசர் இதைத்தான் எடுக்கும். திரும்பிப் பார்த்தால், திரை முழுக்கத் தமிழ்.

அத்தை மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சத்தமாக வாசித்தாள். “அன்புள்ள பெரியவனுக்கு, ங்கு நாங்கள் நலம். ன்று காலை ட்லி...” நிறுத்தினாள். “ட்லியா? மாமா ஒரு எழுத்து விடமாட்டாங்களே.”

எனக்கும் விளங்கவில்லை. பிறகு புரிந்தது. பக்கம் பூராவும் ‘இ’ ஒன்றை மட்டும் காணோம். திஸ்கியில் ‘இ’க்குக் கொடுத்திருந்தது 173-ஆம் சீட். ஐரோப்பியச் சார்ட்டில் அது, நீளமான வார்த்தையை வரிக்கடைசியில் உடைப்பதற்கான மறைவான இடைக்கோடு. தேவைப்படாதபோது கண்ணில் படக்கூடாது என்பது விதி. இன்றைய பிரௌசர் விதியை அட்சரசுத்தமாகக் கடைப்பிடித்து ‘இ’யை ஒளித்துவிட்டது. மாமாவிடம் நான் போட்டுக்கொடுத்த பிரௌசர் அவ்வளவு நாசூக்கு தெரியாதது, அப்படியே காட்டிற்று. திஸ்கிக்காரர்களும் பிற்பாடு விழித்துக்கொண்டு ‘இ’க்கு வேறொரு சீட்டும் கொடுத்தார்கள். மாமா பழைய சீட்டிலேயே தட்டியிருக்கிறார்.

“ஃபைல்ல ‘இ’ இருக்கு அத்தை, திரையிலதான் தெரியலை. யூனிகோடுக்கு மாத்த கன்வெர்ட்டர் இருக்கு. அதுல போட்டா ‘இ’ திரும்பி வந்துடும். பெரியவனுக்கு போன்லயே அனுப்பிடலாம். அரைமணி குடுங்க.”

“அப்புறம் மாத்திக்க. எனக்கு ‘இ’ போட்டுப் படிக்கத் தெரியும்.”

வாசித்துக்கொண்டே போனாள். மழை, காவேரியில் தண்ணீர், எருமை விலை. ஏழாவது கடிதத்தில் குரல் மெதுவாயிற்று. அத்தைக்குத் தஞ்சாவூரில் பித்தப்பை ஆபரேஷன் நடந்த வாரம் எழுதியது. “பரீட்சையை விட்டுவிட்டு நீ வரவேண்டாம். அம்மாவிடம் நான் தைரியமாகத்தான் பேசினேன். ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் பயமாக ருந்தது.”

‘ருந்தது’ என்றேதான் வாசித்தாள். திருத்தவில்லை. எதிர்வீட்டுப் பையன்கூடச் சிரிக்கவில்லை. வாசலில் சைக்கிள் மணி ஒன்று அடித்துவிட்டுப் போயிற்று.

“என்கிட்ட ‘மோர் சாதம் குடுப்பாங்களா’ன்னுதான் கேட்டாங்க” என்றாள் அத்தை.

எட்டாவது கடிதத்தில் டாக்டர் மாமாவுக்குச் சர்க்கரை என்று சொல்லியிருந்தார். ஒன்பதாவதில், ‘அம்மாவுக்குத் தெரியவேண்டாம், சாயங்காலம் லைப்ரரி போகும் வழியில் ஒரு ஜிலேபி மட்டும்’ என்று இருந்தது.

அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். “பன்னண்டு வருஷம் லைப்ரரிக்குப் போனாங்களே, ஒரு புஸ்தகம் வீட்டுக்கு வந்துதா? அப்பவே நினைச்சேன்.” மறுபடி மாட்டிக்கொண்டாள். “ம், அடுத்ததைத் திற.”